ஜூலையில் பனிச்சறுக்கு, ஜனவரியில் நடை: ஆல்ப்ஸ் மலையூர் ஒன்று பன்னிரண்டு மாதமும் எப்படி ஓடுகிறது?

2022 ஜூலை இறுதியில் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. செர்மாட் என்ற மலையூரில் கோடைப் பனிச்சறுக்கை நிறுத்திவிட்டார்கள், போதிய பனி இல்லை என்பது காரணம். படித்த பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: நட்ட நடு ஜூலையில் பனி இல்லாமல் போனது ஒரு செய்தியா? அதுவரை அங்கே ஜூலையில் பனிச்சறுக்கு நடந்ததுதானே விந்தை!

அதே ஆண்டு கடைசியில் நேர்மாறான படங்கள் வந்தன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வேளையில் பச்சைப் புல் மலைச்சரிவு, நடுவே சுண்ணாம்பு அடித்ததுபோல ஒற்றை வெள்ளைப் பட்டை, அதில் வரிசையாகச் சறுக்கும் மனிதர்கள். இன்னொரு பக்கம் சுற்றுலா விளம்பரங்கள் "365 நாளும் திறந்திருக்கும்" என்கின்றன. இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டுவதுபோலத் தெரியும். பனிச்சறுக்கு ஊர் ஒன்று ஆண்டு முழுதும் இயங்குவது என்றால் என்னவென்று அடியிலிருந்து பார்த்தால் முட்டல் தீரும். செர்மாட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கதையின் எல்லா முனைகளும் அந்த ஓர் ஊரில் வந்து சேர்கின்றன.

## முதலில் சொற்கள்

தமிழில் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மார்கழிப் பனியையும் சொல்கிறோம், இமயமலைப் பனியையும் சொல்கிறோம். குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கட்டுரைக்கு மட்டும் இப்படிப் பிரித்துக்கொள்வோம்.

1. வெண்பனி: வானத்திலிருந்து பொழிவது. குளிர்காலத்தில் விழுந்து, வெயில் ஏறியதும் உருகிவிடும்.
2. பனியாறு: மலையுச்சிப் பள்ளங்களில் ஆண்டுக்கணக்கில் விழுந்த வெண்பனி ஒரே கோடையில் உருகி முடியாமல், மேல்சுமையால் அழுந்தி இறுகிப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே மெல்லக் கீழ்நோக்கி நகர்வது. பெயரில் ஆறு இருக்கிறதே என்று தண்ணீர் ஓடும் என எண்ணவேண்டாம், ஓடுவது கட்டிதான்.
3. செய்பனி: தண்ணீரைப் பீய்ச்சி எந்திரத்தால் உண்டாக்குவது.
4. தடம்: சறுக்குவதற்கென்று எந்திரத்தால் அழுத்திச் சமன் செய்த பனிப்பாதை.

டிசம்பரில் சறுக்குவது வெண்பனி மேலும் செய்பனி மேலும். ஜூலையில் சறுக்குவது பனியாற்றின் மேல். ஒரே விளையாட்டு, இருவேறு தரை. ஜூலைச் செய்தி கலங்கடித்ததற்குக் காரணம் இந்தத் தரைதான்: ஒரு பருவத்து மழை தவறிப்போனதுபோல அல்ல அது, அடிமுதலில் கைவைத்ததுபோல.

## கோடைதான் மூத்தது

ஆல்ப்ஸ் ஊர்கள் பனிச்சறுக்குக்காகவே பிறந்தவை என்றும், பருவநிலை மாறியதால் இப்போதுதான் கோடைப் பக்கம் திரும்புகின்றன என்றும் பல கட்டுரைகள் எழுதுகின்றன. செர்மாட் விஷயத்தில் இது தலைகீழ்.

அந்த ஊரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது ஒரு கோடைகால விபத்து. ஊருக்கு மேலே நிற்கும் 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹார்ன் சிகரத்தில் 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேயர் எட்வர்டு விம்பர் தலைமையில் ஏழு பேர் முதன்முதலாக ஏறினார்கள். இறங்கும்போது ஒருவர் கால் வழுக்க, கயிறு அறுந்து நால்வர் மாண்டார்கள். அறுந்த கயிற்றின் துண்டு இன்றும் ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் கிடக்கிறது. விரல் கனம்கூடத் தோன்றாத கயிறு. ஐரோப்பிய நாளிதழ்கள் கண்டித்து எழுத எழுத, அந்தச் சிகரத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கூட்டம் வந்தது. வந்ததெல்லாம் கோடையில்தான்.

கூட்டத்துக்காக 1891-இல் அடிவாரத்து ஃபிஸ்ப் நகரிலிருந்து ரயில் வந்தது. 1898-இல் செர்மாட்டிலிருந்து கோர்னெர்கிராட் முகட்டுக்கு மின்சாரப் பல்சக்கர ரயில் ஏறியது. தண்டவாளத்தின் நடுவே பல் வரிசை, எஞ்சினுக்கு அடியில் அதைக் கவ்வும் சக்கரம் என்கிற அந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. அதற்கு மறு ஆண்டு, 1899-இல், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஓடத் தொடங்கிய நீலகிரி ரயிலிலும் சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த அதே பல்முறைதான். ஊட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்களும் சுவிஸ் நகரமான வின்டர்தூரில் செய்யப்பட்டவையே. சரிவில்தான் வேறுபாடு: நம் பாதை 12 அடி போனால் ஓரடி ஏறும், கோர்னெர்கிராட் பாதை 5 அடிக்கே ஓரடி ஏறும்.

குளிர்காலத்தில் அந்த ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. மலைரயில் குளிர்காலத்தில் பாதி உயரம்வரை ஓடத் தொடங்கியது 1920களின் கடைசியில்தான். ஆக, பனிச்சறுக்குத் தொழில் அங்கே நூறு வயதுகூட முழுதாக நிரம்பாத இளையவன். ஆனால் இளையவன்தான் வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டான். ஊரெங்கும் ரோப் கார்களைக் கட்டியது அவன் கொண்டுவந்த பணம்.

## நாட்காட்டியைச் செங்குத்தாக நிறுத்துங்கள்

மலையில் பருவம் என்பது மாதத்தை மட்டும் பொறுத்ததல்ல, உயரத்தையும் பொறுத்தது. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. செர்மாட் ஊர் சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. ரோப் கார் போய் முடியும் சின்ன மாட்டர்ஹார்ன் முகடு (பெரிய மாட்டர்ஹார்ன் வேறு) 3,883 மீட்டர். இடையே சுமார் 2,300 மீட்டர், அதாவது ஏறத்தாழ 15 டிகிரி. ஊரில் 20 டிகிரி வெயிலில் ஐஸ்கிரீம் உருகும் நேரத்தில் மேலே 5 டிகிரி. விடியற்காலையில் பூஜ்யத்துக்கும் கீழே. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பார்கள் நம் இலக்கணத்தில். இங்கே நிலத்தின் உயரமே பொழுதைத் தீர்மானிக்கிறது.

எனவே "எந்த மாதம் என்ன செய்யலாம்?" என்று கேட்பதைவிட, "எந்த உயரத்தில், எந்த மாதம்?" என்று கேட்பதுதான் சரி.

1. 1,600 முதல் 2,200 மீட்டர் வரை: ஊரும் காடும். குளிர்காலத்தில் சறுக்கி வருபவர்கள் வந்து முடியும் இடம். சறுக்கத் தெரியாதவர்களுக்கு எந்திரம் அழுத்திவிட்ட நடைபாதைகள் உண்டு. ஜனவரியில் வெறும் நடைக்காகவே வருகிறவர்கள் கணிசம் என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கோடையில் கோர்னெர் ஆற்றுப் பிளவின் மேல் கட்டிய மரப்பலகை நடை, சைக்கிள், ஓட்டம். அக்டோபரில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும். ஊசியிலை மரங்களில் இலை உதிர்ப்பவை மிகச் சிலவே, லார்ச் அவற்றில் ஒன்று. அந்த இரண்டு மூன்று வாரத்துக்காகவே கேமராவோடு வருகிறார்கள்.

2. 2,200 முதல் 3,000 மீட்டர் வரை: புல்வெளியும் ஏரியும். இந்த அடுக்கில்தான் வேடம் முழுதாக மாறுகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பனிச்சறுக்குத் தடங்கள், குவிமாடப் பனிவீடுகள், மரச்சறுக்குவண்டி. ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை அதே சரிவில் நடைபாதைகள், மலைச்சைக்கிள் தடங்கள், ஏரிகள். ஐந்து ஏரிகளை இணைக்கும் ஒரு நடைபாதை உண்டு, சுமார் 10 கிலோமீட்டர். அதில் ஸ்டெல்லி ஏரியில் காற்றில்லாத காலையில் மாட்டர்ஹார்ன் தலைகீழாகத் தெரியும். பத்து மணிக்குக் காற்று எழுந்ததும் கலைந்துவிடும். படம் எடுக்க வருகிறவர்கள் முதல் வண்டிக்கு நிற்பது இதனால்தான்.

3. 3,000 மீட்டருக்கு மேல்: பனியாறு. இங்கே காலம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. தியோடுல் பனியாற்றின் மேல் கோடையிலும் தடம் போடுகிறார்கள், பல நாட்டுத் தேசிய அணிகள் பயிற்சிக்கு வருகின்றன. ஜூலைக் காலை ஏழு மணிக்கு செர்மாட் தெருவில் இந்த விநோதத்தைப் பார்க்கலாம்: அரைக்கால் சட்டையில் ரொட்டி வாங்கப் போகிறவர் பக்கத்தில், ஸ்கீ பலகையைத் தோளில் சாய்த்து, கனத்த பிளாஸ்டிக் பூட்ஸ் டக் டக்கென்று தரையில் மோத ஒரு பதினாறு வயதுப் பெண் ரோப் காருக்கு ஓடுவாள். இரவுக் குளிரில் தடம் கல்லாக இறுகியிருக்கும். பதினோரு மணிக்கு மேல் ஊறவைத்த அவல்போல இளகிவிடும். நண்பகலை ஒட்டிப் பயிற்சி முடிந்துவிடுகிறது.

மலையேற்றக்காரர்களுக்கும் இந்த அடுக்கு வாசல். 4,164 மீட்டர் பிரைட்ஹார்ன் சிகரத்துக்கு ரோப் கார் இறக்கிவிடும் இடத்திலிருந்து சில நூறு மீட்டர் ஏற்றம்தான் மிச்சம். அதனாலேயே அது "எளிதான நாலாயிரம்" என்று பேரெடுத்திருக்கிறது. அந்தப் பேரை நம்பி வழிகாட்டி இல்லாமல் கிளம்புவது மடமை. வெண்பனி மூடிய பனிவெடிப்புகள் கண்ணுக்குத் தெரியாது.

## ரோப் கார் இல்லையேல் ஒன்றும் இல்லை

மூன்று அடுக்குகளையும் ஒரே நாளில் தொட முடிகிறதென்றால் அது ரோப் காரால்தான். ஆண்டு முழுதும் என்ற விளம்பரச் சொல்லுக்கு நடைமுறைப் பொருள் "ஆண்டு முழுதும் வண்டி ஓடும்" என்பதே. பனி இருக்கும் என்பதல்ல.

செர்மாட்டில் மூன்று வகை ஏற்றங்கள் இருக்கின்றன. ஒன்று மேலே சொன்ன பல்சக்கர ரயில். இரண்டாவது, சுன்னெக்கா மேட்டுக்கு மலையின் வயிற்றைக் குடைந்து போகும் சுரங்க ரயில். இரு பெட்டிகளை ஒரே வடத்தில் கட்டி, ஒன்று இறங்க மற்றது ஏறுவது. பழனி விஞ்ச் ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூன்றாவது அந்தரத்தில் தொங்கும் பெட்டிகள். சின்ன மாட்டர்ஹார்னுக்கு 1979-இல் முதல் ரோப் கார் வந்தது. 2018-இல் அதற்குப் பக்கத்திலேயே மும்வட முறையில் புதியது கட்டினார்கள்: பெட்டியின் எடையைத் தாங்க இரண்டு வடம், இழுக்க ஒரு வடம், பெட்டிக்கு 28 பேர், மணிக்கு 2,000 பேர். இரண்டு தாங்குவடங்கள் இருப்பதால் காற்று வீசும்போது பெட்டி குறைவாக ஆடும். 2023 ஜூலை 1 முதல் அங்கிருந்து இத்தாலி எல்லைக்கும் பெட்டி போகிறது. ஸ்கீ போடத் தெரியாதவரும் பனியாற்றுக்கு மேலாக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகலாம் என்ற நிலை அன்றுதான் வந்தது. இந்தக் கடைசித் திட்டம் பனிச்சறுக்குக்காரர்களை மட்டும் மனத்தில் வைத்துப் போட்டதாகத் தோன்றவில்லை.

வடம் ஓய்வில்லாமல் ஓட முடியாது. கவ்விகளை இடம் மாற்றவேண்டும், வடத்தின் இழைகளைச் சோதிக்கவேண்டும், தூண் உருளைகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். இந்தப் பராமரிப்பை மே மாதத்திலும் அக்டோபர் கடைசி, நவம்பரிலும் வைத்துக்கொள்கிறார்கள். கீழே பனி உருகிச் சேறாகி நடக்கவும் முடியாது, சறுக்கவும் முடியாது என்ற இடைப்பருவம் அது. பன்னிரண்டு மாத ஊரிலும் அப்போது பாதி ஓட்டல்களில் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருக்கும்.

## காசுக் கணக்கு

கோடையில் இவ்வளவு இருக்க, பனி குறைவதைப் பற்றி ஏன் இத்தனை கவலை? காரணம் இரு விருந்தாளிகளின் பணப்பை.

1. சறுக்குகிறவர் நாள்சீட்டு வாங்குகிறார், பெரும்பாலும் ஆறு நாளுக்குச் சேர்த்து. ஒரே நாளில் பத்துத் தடவை ஏறி இறங்குகிறார். பலகை வாடகை, பூட்ஸ் வாடகை, பயிற்சியாளர் கட்டணம், மேலேயே மதியச் சாப்பாடு.
2. நடக்கிறவர் ஒரு வழிச் சீட்டு வாங்கி மேலே போய், இறங்கி நடந்து வருகிறார். முதுகுப்பையில் ரொட்டியும் தண்ணீரும் இருக்கும்.
3. சறுக்குகிறவர் மாதங்களுக்கு முன்பே அறை பதிகிறார். நடக்கிறவர் காலையில் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார். மழை பெய்தால் அன்றைய வருமானம் போச்சு.

ஆகவே சுவிஸ் ரோப் கார் நிறுவனங்களின் பயணிகள் வருமானத்தில் பெரும்பங்கு இன்னும் குளிர்காலத்தில்தான் வருகிறது. கோடையின் பங்கு கூடுகிறது, ஆனால் குளிர்காலத்தின் இடத்தை அது பிடித்துவிடும் என்று சொல்பவர்கள் இந்த மூன்று வரிகளைக் கூட்டிப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இடைப்பருவ ஓட்டையை அடைப்பவர்களில் நம் நாட்டவருக்கும் ஒரு பங்குண்டு. இந்தியப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை. ஆல்ப்ஸில் சறுக்குகிறவர் போய், நடக்கிறவர் இன்னும் வராத காலமும் அதே. அதனால்தான் எங்கெல்பெர்க் ஊரின் டிட்லிஸ் மலை, 3,454 மீட்டர் உயர யுங்ஃப்ராவ்யோக் போன்ற சுவிஸ் இடங்களில் மே மாதம் பேருந்து பேருந்தாக இந்தியக் குழுக்களைப் பார்க்கிறோம். யுங்ஃப்ராவ்யோக் முகட்டிலேயே இந்தியச் சாப்பாட்டுக் கடை பல ஆண்டு நடந்தது. அவர்கள் சறுக்குவதற்கு வரவில்லை. பனியைத் தொட, உருண்டை பிடித்து எறிய, படம் எடுக்க வருகிறார்கள். இந்த ஒருமணி நேரப் பனிக்கும் கோடைப் பனிச்சறுக்குக்கும் பனியாறுதான் முதல்.

வேலையாட்கள் பக்கமும் இதற்கு ஒரு விளைவு உண்டு. 2002 வரை சுவிட்சர்லாந்தில் "பருவத் தொழிலாளர்" என்ற அனுமதி இருந்தது: ஆண்டுக்கு ஒன்பது மாதம் உழைக்கலாம், பிறகு நாட்டை விட்டுப் போகவேண்டும், குடும்பத்தை அழைத்துவர முடியாது. மலை ஓட்டல்களைக் கட்டி நிறுத்தியது இத்தாலியர், போர்ச்சுகீசியர் போன்ற இந்தப் பருவ உழைப்பாளர்கள். 1980களில் அகதிகளாக வந்த ஈழத்தமிழர் பலருக்கும் சுவிஸில் முதல் வேலை உணவகச் சமையலறையில்தான் கிடைத்தது. இன்று ஊர் பன்னிரண்டு மாதமும் திறந்திருந்தால் வேலையும் நிலையாகிறது. ஆனால் மலைக்கும் மலைக்கும் இடையே நெருக்கிய பள்ளத்தாக்கில், நிலையாக வாழ்பவருக்கு வாடகை வீடு எங்கே என்ற கேள்வி கூடவே முளைத்துவிட்டது.

## மாடு மேய்ந்தால் பனி நிற்கும்

பனிச்சறுக்குத் தடங்கள் பெரும்பாலும் கோடை மேய்ச்சல் நிலங்கள். நிலம் ஊர்ப் பொதுவுடைமையாகவோ மேய்ச்சல்காரர்களின் கூட்டுடைமையாகவோ இருக்கும். ரோப் கார் நிறுவனம் உரிமை வாங்கித் தடம் போடுகிறது.

மேய்ச்சலுக்கும் சறுக்கலுக்கும் உள்ள உறவு வெறும் வாடகையோடு முடிவதில்லை. புல்லை மேயாமல் விட்டால் அது நீண்டு வளர்ந்து, இலையுதிர் காலத்தில் சரிவின் போக்கிலேயே படிந்துவிடும். அதன்மேல் விழும் வெண்பனி, எண்ணெய் தடவிய பாயில் வைத்ததுபோல மொத்தமாக வழுக்கும். பனிச்சரிவுக்கு இது ஒரு காரணம். மாடும் ஆடும் மேய்ந்து குட்டையாக்கிய புல்லோ பனியைப் பற்றிக்கொள்ளும், மெல்லிய பனியிலும் தடம் போட முடியும். அந்த வட்டாரத்துக்கே உரிய கருமூக்குச் செம்மறிகள் (முகமும் முழங்காலும் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளைச் சுருள்) சுற்றுலாப் படங்களில் அழகுக்காக நிற்பவை என்று நினைத்துவிடக்கூடாது. ஜனவரித் தடத்தின் ஒரு பகுதி வேலையை அவை ஆகஸ்டிலேயே செய்து முடிக்கின்றன.

கோடையில் நடப்பவர் கூட்டம் பெருகும்போது சிக்கலும் வரும். கன்றோடு நிற்கும் பசு நாயைக் கண்டால் பாய்ந்துவிடும். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் 2014-இல் நாயோடு நடந்த ஒரு பெண் இப்படி மிதிபட்டு இறந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-இல் பொறுப்பில் பாதி மாட்டுக்காரருக்கும் பாதி நடந்தவருக்கும் என்று முடிந்தது. மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே பாதையைத் திறந்து வைத்த மலையூர்கள் எல்லாம் அந்தத் தீர்ப்பைக் கவனித்துப் படித்தன.

## தரையே கரையும்போது

இனி அந்த 2022 செய்திக்கு வரலாம். அந்த ஆண்டு மூன்று அடிகள் ஒன்றாக விழுந்தன.

1. முந்தைய குளிர்காலத்தில் ஆல்ப்ஸில் வெண்பனி குறைவு. பனியாற்றுக்கு அதுதான் போர்வை. போர்வை சீக்கிரம் தீர்ந்தால் அடியிலுள்ள கட்டி வெயிலுக்கு நேராக வந்துவிடும்.
2. மார்ச்சில் சகாரா பாலைவனத் தூசி வந்து பனிமேல் படிந்தது. வெள்ளைத் துணியைவிடக் காவித்துணி வெயிலில் சுடுவதைப்போல, தூசிபடிந்த பனி அதிக வெப்பத்தை உள்வாங்கியது.
3. கோடையில் கடும் வெப்பம். ஜூலை 25 அன்று சுவிட்சர்லாந்தின் மேல் பூஜ்ய டிகிரி வெப்பநிலை 5,184 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. ஆல்ப்ஸின் மிக உயர்ந்த மோன் பிளாங் சிகரமே சுமார் 4,800 மீட்டர்தான். அதாவது மலைத்தொடர் முழுதும் உருகுநிலைக்கு மேல் நின்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்த அளவும் முறியடிக்கப்பட்டு 5,298 மீட்டர் ஆனது.

சுவிஸ் பனியாறுகள் 2022-இல் தங்கள் கன அளவில் சுமார் 6 சதவீதத்தையும், 2023-இல் சுமார் 4 சதவீதத்தையும் இழந்தன. இரண்டே ஆண்டில் பத்தில் ஒரு பங்கு.

விளைவுகள் பல திசையில் போகின்றன. செர்மாட்டிலிருந்து இத்தாலியின் செர்வீனியாவுக்கு, எல்லை தாண்டி ஓர் உலகக் கோப்பைப் பந்தயம் நடத்தத் திட்டமிட்டார்கள். 2022-இல் பனி போதாமல் கைவிட்டார்கள். 2023-இல் அதற்கான தடம் அமைக்க மண்வெட்டி எந்திரங்கள் பனியாற்றைக் கிளறும் படங்கள் வெளியாகிக் கண்டனம் கிளம்பியது. சில வேலைகள் அனுமதித்த எல்லைக்கு வெளியே நடந்ததாகக் கண்டு அதிகாரிகள் தடுத்தார்கள். கடைசியில் அந்த ஆண்டு பந்தயத்தைக் கெடுத்தது பனிக்குறை அல்ல, கொட்டிய பனியும் அடித்த காற்றும்! ஒரு பந்தயமும் நடக்காமலேயே அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நாட்டெல்லையும் நகர்கிறது. அங்கே சுவிஸ்-இத்தாலி எல்லை நீர்பிரி முகட்டைப் பின்பற்றுகிறது. முகடு பனிக்கட்டியாக இருக்கும் இடத்தில், கட்டி உருக முகடு இடம் மாற, எல்லையும் மாறும். அப்படி நகர்ந்த எல்லைக்கான திருத்தத்துக்கு 2024 செப்டம்பரில் சுவிஸ் அரசு ஒப்புதல் கொடுத்தது. போர் இல்லாமல் வரைபடம் மாறிய கதை.

இன்னொன்று பாறை. உயர்மலைப் பாறை வெடிப்புகளில் ஆண்டு முழுதும் உறைந்திருக்கும் நீர் சிமெண்டுபோலப் பிணைத்து வைத்திருக்கிறது. 2003 ஜூலை வெப்ப அலையில் மாட்டர்ஹார்னின் ஹோர்ன்லி முகட்டில் அந்தப் பிணைப்பு தளர்ந்து பாறை சரிந்தது. மலைமேல் சிக்கிய சுமார் 90 பேரை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். வெப்பம் கூடினால் குளிர்காலம் கெடும், கோடை செழிக்கும் என்ற எளிய கணக்கு பிழைபடுவது இங்கேதான். கோடை மலையேற்றத்தின் தரையும் அதே உறைநிலையை நம்பித்தான் இருக்கிறது.

## செய்வதும் சேர்த்துவைப்பதும்

பச்சை மலையில் வெள்ளைப் பட்டை எப்படி வந்தது? பனிப்பீரங்கி, தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்து நுண்துளிகளாகப் பீய்ச்சுகிறது. துளி தரையைத் தொடும் முன் உறையவேண்டும். இதற்கு முக்கியம் வெறும் வெப்பநிலை அல்ல, ஈரக்குமிழ் வெப்பநிலை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல, காற்று வறண்டிருந்தால் துளியிலிருந்து ஈரம் ஆவியாகித் துளியைக் கூடுதலாகக் குளிர்விக்கும். ஆகவே வறண்ட காற்றில் 1 டிகிரியிலும் பனி செய்யலாம், ஈரக் காற்றில் கழித்தல் 1 டிகிரியிலும் முடியாது.

எவ்வளவு தண்ணீர்? ஒரு ஹெக்டேர் தடத்தில் 30 சென்டிமீட்டர் கனத்துக்குப் பனி போட 3,000 கனமீட்டர் பனி வேண்டும். செய்பனியின் அடர்த்தி தண்ணீரில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு. ஆக, ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர். அதனால்தான் தடங்களுக்குப் பக்கத்தில் செயற்கை ஏரிகள் வெட்டுகிறார்கள். கோடையில் அவற்றின் கரையில் பெஞ்சு போட்டு நடைபாதைப் பட்டியலில் சேர்த்துவிடுவதும் உண்டு.

செர்மாட் இன்னொன்றும் செய்தது. பனியாறு பின்வாங்கியதால் அதன் விளிம்புக்கும் கீழ்த் தடத்துக்கும் இடையே கற்பாழ் திறந்துகொண்டது. அந்த இடைவெளியை இலையுதிர் காலத்திலேயே மூட 2008-இல் ஓர் இஸ்ரேலிய எந்திரத்தை வாங்கியது. கடல்நீரைக் குடிநீராக்கும் தொழிலில் பிறந்த நுட்பம்: வெற்றிடத்தில் தண்ணீரை விட்டால் ஒரு பகுதி ஆவியாகி மீதியின் வெப்பத்தை உறிஞ்ச, மீதி உறைந்துவிடும். வெளியே 20 டிகிரி இருந்தாலும் வேலை செய்யும்.

எனக்குப் பிடித்த நுட்பம் டாவோஸ் ஊருடையது. குளிர்காலத்தில் குவித்த பனியை ஒரு மேடாக்கி, மேலே 40 சென்டிமீட்டர் கனத்துக்கு மரத்தூள் கொட்டிக் கோடை முழுதும் வைத்திருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் தூளை வழித்துவிட்டு, மிஞ்சிய பனியைப் பரப்பிச் சமதளச் சறுக்கோட்டத் தடம் போடுகிறார்கள். ஐஸ்கட்டியை மரத்தூளில் புதைத்துச் சாக்குப் போட்டு மூடிய நம் பழைய ஐஸ் கடைக்காரருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

## உயரம் வாய்க்காத ஊர்கள்

செர்மாட்டிடம் 3,800 மீட்டர் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் நிற்கும் ஊருக்கு மேலே ஏற இடமில்லை. தெற்கு சுவிஸின் மோன்டே தமாரோ 2003-லேயே பனிச்சறுக்கைக் கைவிட்டது. கட்டடக்கலைஞர் மரியோ போத்தா மலைமேல் கட்டிய தேவாலயம் ஏற்கெனவே அங்கே இருந்தது. கயிற்றில் தொங்கிப் பாய்தல், தண்டவாளச் சறுக்குவண்டி போன்றவற்றோடு வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை இப்போது ஓடுகிறது. குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும் முன்னாள் பனிச்சறுக்கு ஊர் அது. பிரான்ஸின் ஜூரா மலையிலுள்ள மெத்தாபியேவோ, 2030-35 வாக்கில் சரிவுச் சறுக்கல் முடிந்துவிடும் என்று தானே கெடு வைத்துக்கொண்டு, புதிய ஸ்கீ ஏற்றங்களில் பணம் போடுவதை நிறுத்தியிருக்கிறது. 

## போகிறவர்கள் பார்க்கவேண்டியவை

1. "திறந்திருக்கிறது" என்றால் எந்த வண்டி, எதுவரை என்று கேளுங்கள். மே மாதத்தில் முகட்டு வண்டி ஓடும், நடு அடுக்கு வண்டிகள் பராமரிப்பில் நிற்கும்.
2. பாதைக் குறிகளின் நிறம் முக்கியம். சுவிஸில் மஞ்சள் சாதாரண நடை, வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைநடை, வெள்ளை-நீலம்-வெள்ளை கயிறும் பழக்கமும் வேண்டிய உயர்மலைப் பாதை. குளிர்கால நடைபாதை இளஞ்சிவப்பு.
3. 3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம் என்பதுதான் ஆபத்து. படியேறும்போது தலை சுற்றினால் உட்காராதீர்கள், அடுத்த பெட்டியில் இறங்குங்கள்.
4. செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார்கள் போக முடியாது. டேஷ் ஊரில் நிறுத்திவிட்டு ரயில் ஏறவேண்டும். உள்ளே சிறு மின்வண்டிகள்தான்.
5. கடைசி வண்டி இறங்கும் நேரத்தைக் கீழ் நிலையத்திலேயே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கோடையில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும், வண்டியோ மாலையிலேயே நின்றுவிடும். தவறவிட்டால் ஆயிரம் மீட்டர் இறக்கம், முழங்காலோடு.